காற்று போடும் வெயிட்டிங் சார்ஜ்

வாசகர் ஒருவர் இங்கிலாந்தின் வோக்கிங் நகரிலிருந்து எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்றவர், மகன் வீட்டில் இருக்கிறார். வாரக் கடைசியில் பக்கத்து பிஸ்லி வரை நடக்கப் போனவர் வெடிச்சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். நரைத்த தலைகளாக வரிசையில் குப்புறப் படுத்து, 1000 கஜம் தள்ளி, அதாவது 914 மீட்டர் தள்ளி நிற்கும் குறியைச் சுட்டுக்கொண்டிருந்தார்களாம். “எனக்கு வெள்ளெழுத்து, கொஞ்சம் பிரஷர். நானும் ஆரம்பிக்கலாமா? இத்துடன் இருக்கும் விளம்பரம் சொல்வது நிஜமா?” என்று கேட்கிறார். விளம்பரத்தில் ஒரு டெலஸ்கோப். தூரம், வெப்பநிலை, பூமியின் சுழற்சி வரை தானே கணக்குப் போட்டு, முதல் தோட்டாவிலேயே குறியை அடிக்க வைக்குமாம்.

தாராளமாக ஆரம்பிக்கலாம். விளம்பரத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கேள்வி வந்தாலே ஆஸ்கர் ஸ்வானை இழுத்துக்கொண்டு வருவார்கள். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 72 வயதில் வெள்ளி வாங்கிய சுவீடன்காரர். ஆனால் மனிதர் 1908லேயே தங்கம் வாங்கியவர். வயதான காலத்தில் கற்றுக்கொண்டவருக்கு அவர் உதாரணமாக மாட்டார். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில், அறுபதைத் தாண்டிய பிறகு முதல்முறையாகத் துப்பாக்கியைத் தொட்ட சந்த்ரோ தோமர் பாட்டி இன்னும் பொருத்தம். ஆனால் அவர் கையில் எடுத்தது பிஸ்டல். குறி பத்து மீட்டரில் இருக்கும்போது காற்றுக்கு அங்கே வேலையே இல்லை. நம் வாசகர் பார்த்த விளையாட்டில் காற்றுதான் எல்லாம்.

முதலில் கண் விஷயத்தை முடித்துவிடலாம். பிஸ்லியின் பழைய பாணிப் போட்டியில் டெலஸ்கோப் வைத்துக் குறிபார்க்க அனுமதி கிடையாது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தகடு, அதில் மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. குழல் நுனியில் ஒரு வளையம். வளையத்தின் நடுவே குறி கறுப்புப் பொட்டாக உட்கார வேண்டும். ஒரு மீட்டரில் இருக்கும் வளையமும் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவில் இருக்கும் பொட்டும் ஒரே சமயத்தில் வெள்ளெழுத்துக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? துளைதான் காப்பாற்றுகிறது. கண் ஆஸ்பத்திரியில் பொத்தல் போட்ட கறுப்பு மூடியைக் கொடுத்து எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்களே, அதே பௌதிகம். லென்ஸின் ஓரங்கள் வழியாக வந்து படத்தைக் குழப்பும் கதிர்களைத் துளை வெட்டிவிடுகிறது. மிச்சத்துக்கு, வளையம் தெளிவாகத் தெரியும்படி தகட்டில் ஒரு சின்ன லென்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம். குறி கொஞ்சம் மங்கும், மங்கட்டும். வட்டமான பொட்டு எல்லாப் பக்கமும் சமமாகத்தான் மங்கும், மையம் இடம் மாறாது.

அதுவும் முடியாதவர்களுக்கு எஃப்-கிளாஸ் இருக்கிறது. கண்ணும் மூட்டும் தளர்ந்தவர்கள் விளையாட்டை விட்டுப் போக வேண்டாமே என்று கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவர்சன் உருவாக்கிய வகை. முன்னெழுத்து அவர் பெயருடையது. டெலஸ்கோப் உண்டு, துப்பாக்கிக்கு முட்டுக்கொடுக்கவும் அனுமதி உண்டு. சலுகை கொடுத்த கையோடு குறியின் மைய வட்டங்களையும் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். முதியோருக்கென்று வந்ததில் இப்போது இளைஞர்களும் கூட்டமாகப் படுத்திருக்கிறார்கள். 2002ல் ஒட்டாவாவில் உலகப் போட்டியே நடத்திவிட்டார்கள்.

வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1859ல் தொடங்கியது. 1860ல் விம்பிள்டன் திடலில் முதல் போட்டி. தொடக்கக் குண்டை விக்டோரியா மகாராணி சுட்டார். அசையாமல் பூட்டிவைத்த துப்பாக்கியின் விசையில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார் என்பதுதான் சரி. குண்டு நடுவில் பட்டதாம், படாமல் எங்கே போகும்? ஊர் பெருத்ததும் 1890ல் பிஸ்லிக்கு இடம் பெயர்ந்தார்கள். 1930ல் மார்ஜரி ஃபாஸ்டர் அங்கே தலையாய பரிசான மன்னர் பரிசை வென்ற முதல் பெண் ஆனார். போதும்.

இனி காற்று. இதை எழுதத்தான் கடிதத்தையே எடுத்துக்கொண்டேன்.

பிஸ்லியில் சுடும் தோட்டா ஏறக்குறைய பத்து கிராம். வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பி, 1000 கஜத்தைக் கடக்க ஒன்றரை வினாடி எடுத்துக்கொள்கிறது. இடமிருந்து வலமாக மணிக்கு 16 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா எவ்வளவு ஒதுங்கும்? ஒன்றரை வினாடி காற்றில் இருக்கிறது, நாலரையை ஒன்றரையால் பெருக்கு, கிட்டத்தட்ட ஏழு மீட்டர் என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். உண்மையில் இரண்டே கால் மீட்டர்தான் ஒதுங்குகிறது. பாக்கி எங்கே போயிற்று?

காற்று தோட்டாவின் விலாவில் மோதித் தள்ளுகிறது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. சுழன்றுகொண்டே போகும் தோட்டா, கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, தன்மேல் காற்று எந்தத் திசையிலிருந்து வந்து மோதுவதாகத் தெரிகிறதோ அந்தத் திசைக்கு மூக்கை லேசாகத் திருப்பிக்கொள்கிறது. அதன் பிறகு விலாவில் அடி விழுவதில்லை. எல்லாத் தடையும் மூக்கில்தான்.

காற்றோடு மிதந்து போகும் பலூனில் உட்கார்ந்து இதைப் பாருங்கள். உங்களுக்குக் காற்றே இல்லை, தரைதான் நகர்கிறது. துப்பாக்கியும் தரையோடு இடப்பக்கமாக நகர்வதால், தோட்டா கிளம்பும்போதே வினாடிக்கு நாலரை மீட்டர் இடவேகத்தோடு கிளம்புகிறது. அசையாத காற்றில் அது கொஞ்சம் சாய்வான நேர்கோட்டில் போகும். தடை அதன் வேகத்தைக் குறைக்குமே தவிர கோட்டை வளைக்காது. அந்தச் சாய்வில் போனால் 914 மீட்டர் முன்னே போவதற்குள் எவ்வளவு இடப்பக்கம் போயிருக்கும்? வேகம் குறையாமல் போயிருந்தால் பிடித்திருக்கும் ஒரு வினாடிக்கு உண்டான நாலரை மீட்டர். அதே பயணத்தில் பலூன் தோட்டாவின் நிஜமான ஒன்றரை வினாடியும் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். இரண்டையும் கழித்தால் மிச்சம் அரை வினாடிக் காற்று, இரண்டே கால் மீட்டர். தோட்டாவின் எடையோ நீளமோ கணக்கில் நேரடியாக வரவே இல்லை. தாமதம் எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. பிரெஞ்சுக்காரர் இசிதோர் தித்யோன் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார். கால்குலேட்டர்கூடத் தேவைப்படாத கணக்கு.

ஆட்டோ மீட்டரின் வெயிட்டிங் சார்ஜ்தான் இது. காற்று, ஓடிய நேரத்துக்குக் காசு கேட்பதில்லை, தாமதித்த நேரத்துக்கு மட்டும் கேட்கிறது. காற்றின் வேகம்தான் ரேட், புயல் என்றால் நள்ளிரவு ரேட். தெருவை அடைத்து ஜாம் உண்டாக்குவதும் அதே ஆசாமி, நின்றதற்குக் காசு கேட்பதும் அதே ஆசாமி என்பதுதான் வயிற்றெரிச்சல். நீளமாக, ஒல்லியாக, கூர் மூக்கோடு செய்த தோட்டா ஜாமுக்குள் புகுந்து புறப்படும் வண்டி, அதற்குச் சார்ஜ் குறைவு. இன்னும் வேடிக்கை, வேகமாகக் கிளம்பினால் சார்ஜ் ஏறுவதும் உண்டு. சின்ன .22 ரகத்தில் ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டாவும் இருக்கிறது, சற்று மெதுவாகப் போகும் தோட்டாவும் இருக்கிறது. ஒலிவேகத்தின் ஓரத்தில் காற்றுத்தடை கிடுகிடுவென்று ஏறும். வேகமான தோட்டா அந்த ஜாமில் போய்ச் சிக்கி, கிளம்பிய வேகத்தோடு ஒப்பிட்டால் அதிகம் தாமதிக்கிறது. முன்னதாகவே போய்ச் சேர்ந்தாலும் 100 கஜத்தில் மெதுவானதைவிட ஓர் அங்குலம் போலக் கூடுதலாகவே ஒதுங்கும். 50 மீட்டர் ரைஃபிள் வீரர்கள் ஒலியைவிட மெதுவான தோட்டாவையே வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். சரி, வழியில் வேகம் கூடிக்கொண்டே போகும் ராக்கெட் என்றால்? தாமதம் மைனஸில் போகிறது. எரிபொருள் எரியும்வரை அது காற்று வரும் திசைக்கே ஒதுங்கும். அதாவது ஆட்டோக்காரர் நமக்குக் காசு திருப்பித் தருகிறார். உவமையை இங்கேயே இறக்கிவிட்டுவிடுகிறேன்.

இப்போது விளம்பரத்துக்கு வரலாம். தூரத்தை அளக்கிறது என்கிறார்கள். பிஸ்லியில் தூரம் பலகையில் எழுதியிருக்கிறது. தோட்டா பத்து மீட்டர் போலக் கீழே விழுவதையும் கணக்கிடுமாம். புவியீர்ப்பு நேற்றைக்கும் இன்றைக்கும் மாறுவதில்லை, ஒருமுறை சுட்டுச் சரிபார்த்துக் குறித்துவைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. பூமியின் சுழற்சி? கேட்கப் பிரமாதம். தெற்கு இங்கிலாந்தில் 1000 கஜத்துக்கு அது தோட்டாவை வலப்பக்கம் எட்டு செ.மீ. தள்ளும். குறிபார்க்கும் தகட்டை ஒரு கிளிக் திருப்பினால் சரியாகிவிடும் அளவு. குறியின் மைய வட்டமோ சுமார் இரண்டடி அகலம். காற்றின் வேகத்தை மணிக்கு அரை கி.மீ. பிசகிக் கணித்தாலே ஏறக்குறைய அந்த எட்டு செ.மீ. வந்துவிடும். மணிக்கு அரை கி.மீ. துல்லியத்தில் காற்றைக் கணிக்கும் மனிதரை நான் பார்த்ததில்லை. கருவியும் கணிக்காது. கையில் பிடித்திருக்கும் காற்றுமானி உங்கள் காதோரக் காற்றைத்தான் அளக்கும். 400 மீட்டரில் மரங்களுக்கு நடுவே புகுந்து வரும் காற்றும், 800 மீட்டரில் சரிவில் இறங்கும் காற்றும் அதற்குத் தெரியாது.

அதைக் கொடிகளிடம் கேட்க வேண்டும், கானலிடம் கேட்க வேண்டும். பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் திடலில் 1200 கஜம் வரை சுடலாம், வழியெல்லாம் கொடிக்கம்பங்கள். தோட்டா நடுவழியில் பார்வைக் கோட்டுக்கு மூன்று மீட்டருக்கும் மேலே பறப்பதால் கொடிகளும் உயரத்தில் பறக்கின்றன. படுத்திருப்பவரின் பக்கத்தில் ஒரு முக்காலி டெலஸ்கோப் இருக்கும். அதைக் குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஃபோகஸ் செய்துவைப்பார்கள். வெயில் நாளில் அதன் வழியாகக் கானல் ஓடுவது தெரியும், ஓடும் திசைதான் காற்றின் திசை. மெல்லிய காற்றென்றால் அலை உயர்ந்து சோம்பலாகப் போகும், வேகம் கூடக் கூடத் தட்டையாகும். திடீரென்று பக்கவாட்டு ஓட்டம் நின்று, உலைநீர்போல நேர் மேலே கொதிக்க ஆரம்பித்தால் உஷார். காற்று நின்றிருக்கலாம், அல்லது நேர் எதிரிலோ பின்னாலோ வீசலாம். பெரும்பாலும் அடுத்த நிமிடம் திசை மாறப்போகிறது என்று அர்த்தம். பழுத்த ஆட்கள் கொதிக்கும்போது விரலை விசையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

சுட்டதும் குறி பள்ளத்துக்குள் இறங்கும். உள்ளே இருப்பவர் ஓட்டையில் ஒரு சின்ன வட்டத் தகட்டைச் செருகி, மறுபடி மேலே ஏற்றுவார். டெலஸ்கோப்பில் அந்தத் தகடு தெரியும்வரை, தான் கணித்த காற்று எது, நிஜக் காற்று எது என்று சுட்டவருக்கே தெரியாது. தகட்டைப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு, கிளிக் மாற்றி, அடுத்தது. மின்னல் வேகம் எங்கும் தேவைப்படாத விளையாட்டு, பொறுமையும் பழைய நோட்டும் நிறையத் தேவை. உலகப் போட்டிகளில் 60 கடந்தவர்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். வயதானால் காற்றுக் கணிப்பு கூர்மையாகும் என்று யாராவது ஆராய்ச்சி முடிவுபோலச் சொன்னால் நம்பாதீர்கள். பழகினால் கூர்மையாகும். ஓய்வு பெற்றவருக்குப் பழக நேரம் கிடைக்கிறது.

அதனால் விளம்பரத்துக்குக் கொடுக்க இருந்த பணத்தில் ஒரு நல்ல முக்காலி டெலஸ்கோப் வாங்குங்கள். துப்பாக்கியைக் கிளப்பில் இரவல் தருவார்கள். எப்படியும் உடனே சொந்தமாக வாங்க முடியாது. அங்கீகாரம் பெற்ற கிளப்பில் குறைந்தது மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருக்க வேண்டும், பிறகு போலீஸ் சான்றிதழ், அதற்கு டாக்டரின் மருத்துவக் குறிப்பு. காதுக்கு அடைப்பான், அதன்மேல் மூடி, இரண்டும் வேண்டும். ரைஃபிள் சத்தம் 160 டெசிபல் வாக்கில் இருக்கும், போன செவித்திறன் திரும்பாது.

பிரஷருக்கு என்ன மாத்திரை என்று வாசகர் எழுதவில்லை. அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். அட்டெனலால், மெட்டோபுரலால் போல ஏதாவது இருந்தால் அது பீட்டா பிளாக்கர். இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அடக்குவதால் சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் அதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு புரோபுரனலாலில் மாட்டி, வெள்ளியையும் வெண்கலத்தையும் சேர்த்துப் பறிகொடுத்தார். பதக்க ஆசை வந்தால் மாற்று மாத்திரை உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.