பிறக்குமுன் பெறும் பெயர்

மக்கட்குப் பெயரிடுதல் பிறந்தபின் நிகழ்வது. இக்காலத்து யந்திரங்களுக்கோ அடையாளமும் இலக்கமும் தொழிற்சாலையை விட்டு நீங்குமுன்னரே வாய்த்துவிடுகின்றன. காரும் மின்மானியும் நீர்மானியும் தாமே வானலை வழியாகச் செய்தி விடுக்குங் காலம் இது. விபத்து நேரின் 112 என்னும் இலக்கத்தைக் கார் தானாகவே அழைத்தல் வேண்டுமென்னும் விதி, ஐரோப்பிய ஒன்றியத்திற் புதிதாக அங்கீகாரம் பெறும் கார் வகைகளுக்கு 2018 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

இவ்விணைப்புக்கு அடிப்படையாவது சிம். ஜேர்மனியின் மியூனிக் நகரத்து நிறுவனமொன்று 1991இல் பின்லாந்துத் தொலைபேசிக் கம்பனிக்கு முதன்முதற் செய்தளித்தபோது அது வங்கி அட்டையளவினதாயிருந்தது. இன்று 6 மில்லிமீற்றர் நீளமும் 5 மில்லிமீற்றர் அகலமுமுள்ள சில்லாகச் சுருங்கிச் சுற்றுப்பலகையிற் பற்றாசிட்டுப் பொருத்தப்படுவதும் உண்டு. பொற்கொல்லர்தம் பழஞ்சொல் இங்கும் இனிது பொருந்துகிறது!

அச்சில்லினுள் 15 இலக்கங்களுக்கு மேற்படாத அடையாள எண்ணொன்றும், இரகசியத் திறவுகோலொன்றும் உறையும். கம்பனி ஒரு கேள்வியெண்ணை அனுப்ப, சில்லு அத்திறவுகோல்கொண்டு கணித்து விடைமட்டுமே பகரும். திறவுகோல் வானலையில் ஒருபோதும் செல்லாது.

ஆயின் அதனை உள்ளே வைப்பது எப்போது? நிலத்தடிக் குழியில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கவிருக்கும் நீர்மானி எந்நாட்டுக்குச் செல்லுமென்பது செய்யும்போது தெரியாதிருக்கலாம். சென்றபின் தொலைவிலிருந்தே கம்பனியை மாற்றும் முறையொன்றை உலகக் கைத்தொலைபேசிக் கம்பனிகளின் சங்கம் 2023இல் வகுத்தது. எனினும் முதற் பதிவை வானலை வழியாக இறக்குதற்கு முன்னமே ஓர் இணைப்பு வேண்டும். ஏணியோ கிணற்றுள்ளே கிடக்கிறது! ஆதலால் தற்காலிக இணைப்பொன்றைச் சில்லுடன் கொடுத்தனுப்புவர். அன்றேல் தொழிற்சாலையிலேயே கம்பி வழியாகப் பதிவை ஏற்றுவர். இரும்புக் கூரையின் கீழ் அலை மெலிதல் கூடும். பொருள்களோ வரிசையில் நில்லாது நகர்வன. எனவே பின்னதே சாலச் சிறந்தது என்பேன்.

இரகசியம் பலர் கைப்படுமே என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வெறிதன்று. நெதர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஜெமால்ட்டோ என்னும் சிம் நிறுவனத்தில் அமெரிக்க, பிரித்தானிய ஒற்றர் புகுந்து திறவுகோல்களைக் கவர்ந்தனரென 2015 பெப்ரவரியிற் செய்தி வெளியாயிற்று. 2010இலும் 2011இலும் ஊடுருவல் நிகழ்ந்திருத்தல் கூடுமென நிறுவனமும் ஒப்பியது. பெருங்களவு நிகழவில்லையென்றும் உரைத்தது. இப்போது வகுக்கப்படும் முறையிலோ, ஒவ்வொரு பதிவும் அதற்குரிய ஒரு சில்லு மாத்திரமே திறக்கத்தக்கதாகப் பூட்டப்பட்டு முன்கூட்டியே வந்துசேரும். ஏற்றுந் தொழிலாளி அதன் உள்ளடக்கத்தைக் காணார்.

எஞ்சும் ஆபத்து மிக எளியது. சில்லின் 32 இலக்க அடையாளம் வேறொரு மானியின் பெயருக்கெதிரே பதியப்படின், கந்தையர் வீட்டு நீர்க் கணக்குக் கதிரவேலர் வீட்டுக்குப் போகும். ஆகவே சில்லு கூறும் எண்ணையும் பெட்டிமேல் ஒட்டிய எண்ணையும் ஒப்புநோக்கிய பின்னரே பெட்டியை மூடுதல் வேண்டும்.