பர்மா ராணி: சேலத்தில் உருவான போர்க்காலப் படம்

சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய இந்நிறுவனம் 1945இல் வெளியிட்ட படம் 'பர்மா ராணி'. எதிரி பிடித்த நாட்டுக்குள் மறைந்திருந்து போராடுவோரைக் காட்டும் படங்கள் பார்ட்டிசான் படங்கள் எனப்படும். யுகோஸ்லாவியா இவற்றுக்குப் பெயர்பெற்றது. தமிழில் அவ்வகைக்கு மிக அருகில் வருவது இப்படமே.

ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப்படையினரை, நேசநாடுகளுக்காக இரகசியமாக உழைக்கும் ராணி என்ற பெண் தப்புவிக்கிறாள். ராணியாக நடித்தவர் கே. எல். வி. வசந்தா, ஜப்பானிய அதிகாரியாக நடித்தவர் இயக்குநர் சுந்தரமே. அன்று கச்சா பிலிம் அரசின் பங்கீட்டில்தான் கிடைத்தது. படத்தின் நீளமும் 11,000 அடிக்குள் அடங்க வேண்டும். போர் ஆதரவுப் படம் எடுக்கும்படி அரசு தயாரிப்பாளர்களை நெருக்கியது. கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரட்சணம்' படமும் அவ்வாறு பிறந்ததே.

பெண்ணொருத்தியைத் துணிகரச் செயலின் நடுவில் நிறுத்தியது அக்காலத்துக்குப் பெரிய காரியம்தான். ஆனால் பர்மியரும் ஜப்பானியரும் வேடம் போட்ட தமிழ் நடிகர்கள். பர்மியரின் விருப்பம் என்ன என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. அவர்களுள் பலர் முதலில் ஜப்பானியருடன் சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்தனர். ஆங் சான் தலைமையிலான படை 1945 மார்ச்சில்தான் ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பியது.

தமிழர்களின் நிலையோ இன்னும் சிக்கலானது. 1942இல் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். காடும் மலையும் கடந்து நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில் பாதையில் மடிந்துகொண்டிருந்தனர். இன்னொரு வியப்பும் உண்டு. திரையில் ஒரு 'ராணி' பிரிட்டிஷார் பக்கம் நின்ற காலத்தில், அதே பெயரைத் தாங்கிய ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் பலர் எதிர்ப்பக்கம் துப்பாக்கி ஏந்தியிருந்தனர். 1943இல் சிங்கப்பூரில் அமைந்த அப்படையின் தலைவி கேப்டன் லட்சுமியும் சென்னையில் பிறந்தவரே. தணிக்கையின் கீழ் அவர்களைக் காட்ட எந்தத் தயாரிப்பாளராலும் முடிந்திராது; ஆகவே சுந்தரத்தை மட்டும் குறைசொல்வது நியாயமன்று.

யுகோஸ்லாவியப் படங்கள் போர் முடிந்தபின், வென்ற அரசின் ஆதரவில் எடுக்கப்பட்டவை. செர்பியர், குரோவாசியர், போஸ்னிய முஸ்லிம்களை ஒரே அணியில் நிறுத்தியதில் அந்த அரசுக்கும் தன் கணக்கு இருந்தது. இங்கே, வெள்ளையர் போனபின் போர்க்கால பர்மா தமிழ்த் திரைக்கு வேறு முகத்தோடு வந்தது. 1952இல் வெளியான 'பராசக்தி'யில் இரங்கூனிலிருந்து திரும்பும் அண்ணன்களில் ஒருவன் காலை இழந்து, பிச்சைக்காரர்களோடு பிச்சைக்காரனாகத் தமிழ்நாட்டில் அலைகிறான்.