ராஜா இல்லாத குதிரை

“ஏட்டி, உள்ளே போக டிக்கெட் எவ்வளவு?”

சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்து அத்தை மூன்றாவது முறையாகக் கேட்டார். “காசே கிடையாது அத்தை” என்றேன். அவர் நம்பவில்லை.

நாங்கள் போனது தென் மும்பையின் காலா கோடா கலை விழாவுக்கு. 1999-ல் தொடங்கிய இந்த விழா, பிப்ரவரியை ஒட்டி ஒன்பது நாள்கள் நடக்கும். ராம்பார்ட் ரோ என்ற தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் கடைகளுக்கும் இடம் விட்டுவிடுவார்கள்.

அத்தை திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். தினமும் விடியும் முன்பே எழுந்து இட்லி அவித்துக் கொடுப்பார். மாமா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஃபோர்ட் பக்கம் போய் விற்பார். மாமா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அவர் தினமும் நின்ற தெருவை அத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

மாலை ஆறு மணி. தெரு முழுக்க மனிதத் தலைகள். பழைய இரும்பில் செய்த ஒரு பறவையின் முன்னால் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சற்றுத் தள்ளி, கறுப்புக் குதிரைச் சிலை. ‘காலா கோடா’ என்றால் அதுதான் அர்த்தம். “மேலே ஆளைக் காணோமே?” என்றார் அத்தை. ஏழாம் எட்வர்டு மன்னர் குதிரைமேல் இருந்த பழைய சிலையை 1965-ல் பைகுல்லாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், 2017-ல் வைத்த இந்தக் குதிரைக்கு ராஜா கிடையாது என்று சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. குதிரைக்குப் பாரம் குறைஞ்சுது.”

ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி வாசலுக்கு வந்ததும் அத்தை நின்றுவிட்டார். நடைபாதை நெடுக ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“படம் விக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் நிப்பேன்னு சொல்லுவாரு. இங்கனதான் இருக்கணும். சேர்ந்தாப்ல பத்து நிமிஷம் நிக்க விடமாட்டாங்களாம். சட்டியைத் தூக்கிட்டு ஓடணுமாம்.”

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதே இடத்தில் இப்போது நூறு பேர் சாவகாசமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

பென்சிலில் முகம் வரைந்து தரும் ஒருவர் முன்னால் ஸ்டூல் காலியானது. அத்தை உட்காரவில்லை. பர்ஸுக்குள்ளிருந்து மாமாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து நீட்டினார். தாராவி இந்தியில் அவரே விவரம் சொன்னார். சைக்கிள் வேண்டும். பின்னால் அலுமினியச் சட்டி வேண்டும். ஹேண்டிலில் சட்னித் தூக்கு தொங்க வேண்டும்.

ஓவியர் அரைமணி நேரம் வரைந்தார். சுற்றிலும் சின்னக் கூட்டமே கூடிவிட்டது. ஒரு பையன், “இட்லிவாலா!” என்று உற்சாகமாகக் கத்தினான். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் விலையைக் குறைத்துக் கேட்க வாயெடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“பேரம் பேசாத. தெருவுல நின்னு சம்பாதிக்கிறவரு.”