விமானம் விட்டுச் செல்லும் சுழல்

நீரிலே செல்லும் ஓடம் தன் பின்னே அலையை விட்டுச் செல்கின்றது. காற்றிலே செல்லும் ஆகாய விமானமும் அவ்வாறே ஒரு தடத்தை விட்டுச் செல்கின்றது. ஓடத்தின் அலை கண்ணுக்குப் புலனாகும். விமானத்தின் தடமோ பெரும்பாலும் புலனாவதில்லை. அபாயம் அங்கேதான் இருக்கின்றது. பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து கட்டுநாயக்க வழியாகப் பிறநாடு செல்வோர் பலராகிவிட்ட இந்நாளில், இவ்விஷயத்தை நம் குடும்பத்தினர் அறிந்திருப்பது நன்று.

அரபிக்கடலின் மேலே

2017ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் திகதி, சலஞ்சர் 604 என்னும் சிறிய விமானமொன்று மாலைதீவிலிருந்து அபுதாபி நகருக்கு 9 பேருடன் சென்றுகொண்டிருந்தது. அதன் உயரம் 34,000 அடி. எதிர்த்திசையில், 1,000 அடி மேலே, எயார்பஸ் ஏ380 என்னும் மாபெரும் விமானம் கடந்து சென்றது. இரண்டும் விதிப்படியே பறந்தன. கடந்து முக்கால் நிமிடமளவில், தெளிந்த வானத்திலே சிறிய விமானம் பல தடவை புரண்டு, ஏறக்குறைய 9,000 அடி கீழே வீழ்ந்தது. விமானிகள் அதனை மீட்டு மஸ்கட் நகரில் இறக்கினர். பயணிகள் சிலர் காயமுற்றனர், உயிர்கள் தப்பின. விமானமோ மீண்டும் பறக்கவியலாதவாறு சேதமுற்றிருந்தது.

இங்கே மாணவர்க்கு ஒரு சிறு கணக்கு. இரு விமானங்களும் ஒரே வேகத்தில் எதிரெதிராகச் சென்றன எனக் கொள்வோம். கடந்து 48 செக்கனின் பின் சிறியது அடைந்த இடத்தைப் பெரியது கடந்தது எப்போது? 96 செக்கனுக்கு முன்னர். ஒன்றரை நிமிடத்திற்கு மேற்பட்ட பழைய தடமே இத்துணை வலிமையுடன் கீழிறங்கி நின்றது!

சுழல் பிறக்குமாறு

பறக்கும் விமானத்தின் இறக்கைக்குக் கீழே காற்றின் அமுக்கம் மிகுதி, மேலே குறைவு. இவ்வேற்றுமையே விமானத்தைத் தாங்குகின்றது. ஆனால் இறக்கையின் நுனியிலே தடுப்பு ஏதுமில்லை. கீழுள்ள காற்று நுனியைச் சுற்றி மேலே பாய்கின்றது. விமானமோ முன்னே விரைகின்றது. ஆகவே காற்று சுழன்றவண்ணம் பின்னே நீண்ட குழல்போல் அமைகின்றது. தெமோதரையில் நம் புகையிரதப் பாதை வளைந்து சுற்றித் தன் கீழேயே நுழைந்து செல்வதை யாவரும் அறிவர். அத்தகைய சுற்று ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல மைல் தொடர்வதாக எண்ணிக்கொள்ளலாம்.

இரு நுனிகளிலும் பிறக்கும் இரு சுழல்களும் எதிரெதிராகச் சுழல்வன. இடையிலுள்ள காற்றைக் கீழே தள்ளுவதால், ஒன்றையொன்று அமிழ்த்தி, நிமிடத்திற்குச் சில நூறு அடி வீதம் இறங்குகின்றன. விமானம் எவ்வளவு பாரமாயும் மெதுவாயும் செல்கின்றதோ, அவ்வளவு சுழல் வலிதாகும். ஆதலால் ஏறும்போதும் இறங்கும்போதும் எச்சரிக்கை மிக வேண்டும்.

கணக்கிலே காணுதல்

இச்சுழலின் இயல்பை இங்கிலாந்தின் லான்செஸ்ரர் 1907இல் தம் நூலில் விளக்கினார். ஜேர்மனியின் பிராண்டில் முதலாம் உலகப் போரின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில் அதைக் கணிதமாக்கினார். காற்றின் ஓட்டத்தை ஆளும் சமன்பாடுகளை நேவியரும் ஸ்டோக்சும் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்திருந்தனர். எனினும் முழு விமானத்திற்கு அவற்றைக் கையால் தீர்த்தல் இயலாது. இன்று கணனி துணைநிற்கின்றது.

விமானத்தைச் சூழ்ந்த வெளியைக் கோடிக்கணக்கான சிறு அறைகளாகப் பிரிப்பர். ஒவ்வோர் அறையிலும் காற்றின் வேகத்தையும் அமுக்கத்தையும் கணந்தோறும் கணனி கணிக்கும். இடர்ப்பாடு யாதெனில், ஏ380இன் இறக்கை விரிவு ஏறக்குறைய 80 மீற்றர். சுழலின் நடுக்கருவோ அதனுடன் ஒப்பிடுகையில் மிகச் சிறியது. அறைகள் பெரிதாயின், உண்மையில் வலிதாயிருக்கும் சுழல் கணக்கிலே விரைவில் கரைந்துவிடும். ஆபத்தைக் காட்டவேண்டிய கணக்கே அதை மறைத்துவிடும்! அறையின் பக்கத்தைப் பாதியாக்கினாலோ அறைகள் 8 மடங்கு. கால இடைவெளியும் பாதியாவதால் வேலை 16 மடங்கு. எனவே சுழலின் நடுவில் மட்டும் அறைகளை நுணுக்கி, விடையைக் காற்றுச் சுரங்கத்திலும் லேசர் கருவியாலும் அளந்தவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

காத்திருத்தலின் காரணம்

இறங்கும் வேளையில் ஏ380இன் பின்னே நடுத்தர விமானம் 7 கடல்மைல், அதாவது 13 கிலோமீற்றர், விலகி வரவேண்டுமென்பது சர்வதேச நெறி. இலகு விமானமாயின் 8 கடல்மைல். கட்டுநாயக்கவில் ஏ320 நியோ போன்ற விமானங்களின் இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்திருப்பதைக் காணலாம். அவ்வளைவு சுழலால் விளையும் இழுவையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துகின்றது. ஆயினும் சுழலை முற்றாக ஒழித்தல் எவராலும் ஆகாது. இறக்கை விமானத்தைத் தாங்குமளவும் சுழலும் பிறந்தே தீரும். அது பறத்தலுக்குக் காற்றுக்கு நாம் செலுத்தும் வாடகை.

உயர்தர வகுப்பில் வகையீடு பயிலும் மாணவர், "இதனாற் பயன் என்ன?" என்று கேட்பதுண்டு. கண் காணாத சுழலைக் காணவைப்பது அதுவே என்க. ஓடுபாதை ஓரத்தில் விமானம் சற்றே தாமதித்து நிற்குமாயின், முன் சென்றதன் சுழல் அடங்குதற்காகவும் இருக்கலாம். அந்த இரண்டொரு நிமிடம் வீண் அன்று; நம்மவர் பத்திரமாய்ப் போய்ச் சேர்வதற்கான நேரம்.