பிளாரன்ஸ்: கம்பளியும் பட்டும் கட்டிய நகரம்

இத்தாலி நாட்டில் ஆர்னோ ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ள பிளாரன்ஸ் நகருக்கு, ஓவியமும் சிற்பமும் காண உலகெங்கணுமிருந்து மக்கள் செல்கின்றனர். உணவுக்கும் தோல், பட்டுச் சரக்குகளுக்கும் அந்நகர் பெயர் பெற்றது. இவ்வழகுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், அதில் பெரும்பங்கு துணித் தொழிலிலிருந்து வந்ததென்பது விளங்கும். ஆகவே அந்நகரின் வரலாறு நம் அங்கத்தினர்கள் அறியத்தக்கது.

இடைக்காலத்தில் அங்கு ‘ஆர்த்தே’ எனப்படும் தொழிற்கழகங்கள் இருந்தன. கம்பளிக் கழகத்தார் இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து கம்பளி தருவித்து, நூற்று நெய்வித்து, சாயமேற்றி, அயல்நாடுகளில் விற்றனர். நகரின் பெரிய தேவாலயத் திருப்பணியை மேற்பார்த்தவர்களும் அவர்களே. புருனெல்லெஸ்கி என்னும் சிற்பி 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்த பெருங்குவிமாடம் அவர்கள் பொறுப்பில் எழுந்தது. பட்டுக் கழகத்தார் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1419-இல் ஓர் இல்லம் கட்டத் தொடங்கினர். தானியச் சந்தையாக விளங்கிய ஓர்சன்மிக்கேலே என்னும் கட்டடத்தின் சுவர் மாடங்களில் கழகங்கள் பல தத்தம் காவற் புனிதருக்குச் சிலை நிறுவின. லினன் துணிக் கழகத்துக்காக தொனத்தெல்லோ செதுக்கிய புனித மாற்குவின் சிலையைக் கலையறிஞர் இன்றும் போற்றுகின்றனர்.

இனி உணவைக் காண்போம். அப்பகுதியின் ரொட்டியில் உப்புச் சேர்ப்பதில்லை. மிஞ்சிய பழைய ரொட்டியை வெள்ளை பீன்ஸ், கரும்பச்சைக் கோசு இலை ஆகியவற்றோடு வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி உண்பர். இதற்கு ‘ரிபொல்லித்தா’ என்று பெயர். ‘மீண்டும் கொதித்தது’ என்பது பொருள். ஏழை உழவர் வீட்டு உணவாகிய இது, இன்று உணவு விடுதிகளில் பயணிகள் விரும்பிக் கேட்டு உண்ணும் பண்டமாகிவிட்டது. 1874-இல் திறக்கப்பட்ட சான் லொரென்சோ சந்தையில் காய்கறி, பாலாடைக் கட்டி, எண்ணெய் யாவும் கிடைக்கும்.

பொருள் வாங்குவோர் கடைத்தெருவின் பகட்டை மட்டும் நோக்காது, செய்வோர் கையையும் நோக்குதல் நன்று. சாந்தா குரோச்சே மடத்திலுள்ள தோல் தொழிற்பள்ளி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அநாதைச் சிறுவர்களுக்குத் தொழில் கற்பிக்க ஏற்பட்டது. 1786-இல் பிரபுக் குடும்பங்கள் சில தங்கள் தறிகளை ஒன்றுசேர்த்து அமைத்த பட்டு நெசவுச் சாலையில், பழைய கைத்தறிகள் இன்றும் இயங்குகின்றன. தனித்தனியே வைத்திருந்த தறிகளை ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்ததால் தொழில் நிலைத்ததென்பது கவனிக்கத்தக்கது.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அப்பெருங் கழகங்களின் அங்கத்தினர் பதிவேட்டில் யாருடைய பெயர் இருந்தது? முதலாளிகளின் பெயரே இருந்தது. கம்பளியைக் கழுவியவரும், அடித்தவரும், சிக்கெடுத்தவரும் கழகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். ஆனால் அதில் அங்கத்தினர் அல்லர். தமக்கென ஒரு கழகம் அமைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. தொழிலாளரை ஒன்றுசேர்க்க முயன்ற சியூத்தோ பிராந்தினி என்பவர் 1345-இல் தூக்கிலிடப்பட்டார். ‘சியோம்பி’ எனப்பட்ட இத்தொழிலாளர் 1378 ஜூலையில் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் ஒருவரான மிக்கேலே தி லாந்தோ ஆட்சித் தலைவரானார். புதிதாக மூன்று கழகங்கள் அமைக்கப்பட்டன. ஆயினும் சில வாரங்களே கடந்தன. ஆகஸ்டு இறுதியில் சியோம்பியின் கழகம் கலைக்கப்பட்டது. அதை ஒடுக்குவதில் அந்த லாந்தோவே முன்னின்றார்.

கம்பளிக் கழகத்தின் மாளிகை ஆட்டுக்குட்டிச் சின்னத்தோடு இன்றும் நிற்கிறது. அங்கிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில் ‘சியோம்பி சதுக்கம்’ என்றொரு திடல் உள்ளது. பிளாரன்ஸ் செல்வோர் இரண்டையும் காண வேண்டும். உழைப்பவன் பெயர் பதிவேட்டில் ஏறுவதும், பொதுச் சபையில் அவனுக்கு ஒரு வாக்கு இருப்பதும் சிறிய செய்திகளாகத் தோன்றலாம். அவ்விரண்டையும் வேண்டி அந்நகரத் தொழிலாளர் உயிரையும் கொடுத்தனர். நம் சங்கங்களில் அவ்வுரிமை சட்டப்படி நமக்கு உண்டு. ஆண்டுக் கூட்டத்துக்கு வாராதிருப்பவர் அதனைத் தாமே கைவிடுகிறார்.