நாற்றை வெயிலுக்குப் பழக்குதல்

கிடுகு நிழலிலே பச்சைப்பசேலென நின்ற மிளகாய் நாற்று, தோட்டத்தில் நட்ட மறுநாள் நண்பகலில் தலை சாய்ந்துவிடுகின்றது. மூன்றாம் நாள் வரிசையிலே இடைவெளி விழுகின்றது. விதை குற்றம் என்பர் சிலர். நிலம் குற்றம் என்பர் வேறு சிலர். பல வேளைகளில் குற்றம் இரண்டிலுமில்லை. நாற்றின் கலங்கள் ஆயத்தமாவதற்கு நாம் அவகாசம் கொடுக்கவில்லை என்பதே காரணமாகும்.

செடியின் உடல் கண்ணுக்குப் புலப்படாத சிறு கலங்களால் ஆயது. ஆடு மாடுகள் வெயில் கண்டால் நிழல் தேடிச் செல்லும். செடிக்கு அது இயலாது. ஆகவே ஒவ்வொரு கலமும் தானிருக்கும் இடத்திலேயே தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டும். அதற்கு மூவகைக் காவல்கள் உண்டு.

முதலாவது, நீர்க்காவல். மண் வறளும்போது அப்சிசிக்கமிலம் என்னும் பொருள் செடியில் உண்டாகி, இலைவாய்களைக் காக்கும் கலங்களை அடைகின்றது. அவை தளர்ந்து இலைவாயை மூடுகின்றன. நீர் ஆவியாதல் குறைகின்றது. வெல்லங்களையும் புரோலீன் என்னும் அமினோவமிலத்தையும் சேர்த்துவைத்துக் கலங்கள் உள்ள நீரைப் பிடித்துக்கொள்கின்றன.

இரண்டாவது, வெப்பக்காவல். முட்டையின் வெண்கரு சூட்டிலே கட்டியாவதுபோலக் கலத்திலுள்ள புரதங்களும் கடும் வெப்பத்தில் உருக்குலையும். அவ்வேளை கலம் வேறு சில புரதங்களை விரைந்து ஆக்குகின்றது. இவை குலையும் புரதங்களைத் தாங்கி, மீண்டும் உரிய வடிவம் பெற உதவுகின்றன.

மூன்றாவது, ஒளிக்காவல். இலை பயன்படுத்தக்கூடிய அளவிலும் மிகுதியாக ஒளி விழுமாயின், கலத்தினுள்ளே தீங்கு செய்யும் ஒட்சிசன் வகைகள் உண்டாகிக் கலமென்சவ்வை அரிக்கும். சில நொதியங்களும் உயிர்ச்சத்து சீயும் அவற்றைத் தணிக்கின்றன.

இக்காவல்கள் எக்காலமும் முழு அளவில் ஆயத்தமாய் இருப்பதில்லை. தேவை வந்தபின்னரே கலம் இவற்றைப் பெருக்குகின்றது. 1962ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி ரித்தோசா, பழ ஈயின் கலங்கள் வெப்பத்துக்கு இவ்வாறு விரைந்து எதிர்விளைவு காட்டுவதை முதன்முதல் வெளியிட்டார். பின்னர் பயிர்களிலும் இது காணப்பட்டது. சோயா அவரை நாற்றுக்களை 40 பாகை செல்சியசு வெப்பத்தில் 2 மணித்தியாலம் வைத்து, அதன்பின் 45 பாகைக்கு உட்படுத்தியபோது அவை பிழைத்தன. முன்பழக்கமின்றி அதே 45 பாகைக்கு உட்பட்டவை மடிந்தன.

இவ்வுண்மையையே நாம் நாற்றுமேடையில் பயன்படுத்துகின்றோம். இதற்கு வன்மைப்படுத்தல் என்று பெயர். செய்முறை வருமாறு:

1. நடுகைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்னர் தொடங்குக. முதலில் காலை வெயில் மட்டும் படும்படி கிடுகை 2 மணித்தியாலம் நீக்குக. நாள்தோறும் நேரத்தைக் கூட்டுக. கடைசி 2 அல்லது 3 நாட்களில் நிழலை முற்றாக அகற்றுக.

2. நீர் ஊற்றுவதைப் படிப்படியாகக் குறைக்குக. நண்பகலில் இலை சற்றே வாடி மாலையில் நிமிருமாயின் அச்சமில்லை. மாலையிலும் நிமிராவிடின் உடனே நீர் ஊற்றுக.

3. இந்நாட்களில் யூரியா இடுதல் ஆகாது. அது இளந்தளிரைப் பெருக்கி நாற்றை மென்மையாக்கும்.

4. பிடுங்குவதற்குச் சில மணித்தியாலத்துக்கு முன்னர் மேடையை நன்கு நனைக்குக. வேர் அறாமல் எடுத்து, மாலையில் நட்டு, உடனே நீர் பாய்ச்சுக.

அளவு மீறுதலும் தீதாகும். காவலுக்குச் செலவாகும் உணவு வளர்ச்சிக்கு உதவாது. மட்டுக்கு மேல் வாட்டிய நாற்று தண்டு முற்றி, நட்டபின்னும் நெடுநாள் வளராது நிற்கும். தண்டு உறுதியாயும் இலை கரும்பச்சையாயும் இருக்கும் நிலையே தக்க பருவமாகும்.

இம்முறைக்குப் பணச் செலவு இல்லை. காலையும் மாலையும் மேடையைப் பார்க்கும் கவனம் ஒன்றே வேண்டும். இறந்த நாற்றுக்கு ஈடாக மறுநாற்று நடுபவர் கூலியை இருமுறை கொடுக்கின்றார். பயிரும் ஒரே காலத்தில் காய்ப்பதில்லை. ஆகவே கமக்காரர்கள் வரும் போகத்தில், நாற்றைப் பிடுங்குமுன் அதனை வெயிலுக்குப் பழக்கிக்கொள்வார்களாக.