அலமாரியும் ஒரு சுவரே

“சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்பது நம் முன்னோர் வாக்கு. சொந்த மண்ணில் சொந்தமாக வீடு கட்டுவோருக்குச் சொன்ன அறிவுரை அது. பிழைப்பை நாடிப் புனே நகரம் வந்து, பிறர் கட்டிய வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் நமக்கோ கட்டும் உரிமை இல்லை. பெருக வாழும் கடமை மட்டும் இருக்கிறது. கூடம் ஒன்று, சமையலறை ஒன்று. அந்த ஒரு கூடத்திலேயே பத்தாம் வகுப்புப் பெண் படிக்க வேண்டும். பாட்டியார் உறங்க வேண்டும். இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் கண்ணயர வேண்டும். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் அவர்களுக்கும் பாய் விரிக்க வேண்டும். கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் பிம்பிரியிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே.

இடையில் ஒரு சுவர் எழுப்பலாம் என்றால் வீட்டுக்காரர் இசையார். 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் செங்கல்லுக்குச் செலவிடுவதும் அறிவுடைமை ஆகாது. திரைச்சீலை கட்டலாம், அது கண்ணை மறைக்குமேயன்றி ஒரு பொருளையும் தாங்காது. எஞ்சியிருப்பது ஓர் எளிய வழி. சுவரோரம் நிற்கும் அலமாரியையோ அடுக்கையோ கூடத்தின் நடுவே கொணர்ந்து நிறுத்துவதே அது. கணக்கிட்டுப் பார்ப்போம். 15 அங்குல ஆழமும் 6 அடி நீளமும் உள்ள அடுக்கு தரையில் ஏழரைச் சதுர அடியை அடைக்கும். சுவரோரம் நின்றாலும் அவ்வளவே. நடுவில் நின்றாலும் அவ்வளவே. 10 அடி அகலமுள்ள கூடத்தில் அதனைக் குறுக்கே நிறுத்தினால், நடமாட 4 அடி வழியும் மிஞ்சும்.

பொருள் வைக்கும் இடமும் சுவரும் ஒன்றாக இருத்தல் புதுமையன்று. இந்நகரத்துப் பழைய வாடாக்களின் தடித்த சுவர்களிலேயே ‘ஃபட்தாள்’ என்னும் அலமாரியும் ‘கோனாடா’ என்னும் மாடமும் அமைந்திருக்கக் காணலாம். நம் ஊர் வீடுகளின் மாடப்பிறையும் அத்தகையதே. தமிழில் கபாடம் என்றால் கதவு. மராத்தியில் ‘கபாட்’ என்றால் அலமாரி. சுவரும் கதவும் அலமாரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்கு மொழியே சான்று கூறுகிறது போலும்!

1961 ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து முட்டா நதி பெருக்கெடுத்தபோது கரையோரப் பேட்டைகளில் வாடாக்கள் பல வீழ்ந்தன. பின்னர் எழுந்த அடுக்குமாடி வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. அவற்றுள் மாடத்துக்கு இடமில்லை. ஆகவே அலமாரி சுவரை விட்டு வெளியே வந்தது. மேல்நாட்டாரும் இதனைச் சிந்தித்திருக்கின்றனர். பின்னாளில் சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்பூசியே, 1925ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் தாம் அமைத்த மாதிரி வீட்டில், ஒரே அளவுக்கு இணங்கச் செய்த பெட்டிகளை நிறுத்தி அறைகளைப் பிரித்துக் காட்டினார். 1945இல் அமெரிக்கரான ஜார்ஜ் நெல்சனும் ஹென்றி ரைட்டும், இரு அறைகளுக்கு இடைப்பட்ட சுவரின் கனத்தையே அலமாரியாக்கும் திட்டத்தை வெளியிட்டனர்.

நமக்குக் கிடைக்கும் சாதனங்கள் மூன்று. முதலாவது இரும்பு பீரோ. கோத்ரெஜ் நிறுவனத்தார் 1923 முதல் எஃகு அலமாரி செய்து வருகின்றனர். சீர்வரிசையோடு வந்த பீரோ இல்லாத வீடு நம்மிடையே அரிது. இரண்டாவது, துளையிட்ட ஆங்கிள் இரும்பால் ஆன அடுக்கு. 1947இல் இங்கிலாந்தில் டெமெட்ரியஸ் கொமினோ என்பவர் கண்டுபிடித்த இம்முறையில், வேண்டிய அளவுக்கு இரும்பை வெட்டி போல்ட் பூட்டிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கழற்றிக் கட்டிக்கொண்டும் போகலாம். மூன்றாவது, மரப்பலகையாலும் பிளைவுட்டாலும் ஆன சதுரப் பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க இவற்றைக் கடையில் வாங்கலாம். பவானி பேட்டை மரச்சந்தையில் பலகை எடுத்துத் தச்சரிடம் கொடுத்தும் செய்துகொள்ளலாம்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். சுவரோரம் இருக்கும் அடுக்கு, தன் வலிமையில் பாதியைச் சுவரிடம் கடன் வாங்கி நிற்கிறது. நடுவில் நிறுத்தியவுடன் அக்கடன் நின்றுவிடுகிறது. அதன் பிறகு அது தானே ஒரு சுவர். சுவரிடம் எதிர்பார்க்கும் உறுதியை அதனிடமும் எதிர்பார்த்தே தீர வேண்டும். இழுப்பறைகளை ஒரே நேரத்தில் திறந்தாலும், மேல்தட்டு இனிப்புக்காகக் குழந்தை தட்டுகளைப் படியாக்கி ஏறினாலும், பாரம் முன்னோக்கிச் சாயும். 2016 ஜூனில் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. சுவரோடு பிணைக்கப்படாதவை சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்ததே காரணம். 2022 டிசம்பரில் அந்நாடு இதற்கெனச் சட்டமே இயற்றியது. நம் வீட்டுக் குழந்தைக்கு நாமே சட்டம்.

செய்ய வேண்டுவன யாவை? ஆழத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் உயரம் வேண்டாம் என்று ஒரு வரையறை வைத்துக்கொள்வது நலம். 15 அங்குல ஆழமுள்ள ஒற்றை அடுக்கு 45 அங்குல உயரத்தோடு நிற்கட்டும். தரையில் அமர்ந்து உண்ணவும் படிக்கவும் பழகிய நமக்கு மறைவுக்கு அதுவே போதும். நிற்பவரையும் மறைக்க 6 அடி வேண்டுமாயின், இரண்டு அடுக்குகளை முதுகோடு முதுகு சேர்த்து, மேலும் கீழும் போல்ட் பூட்டுக. ஆழம் 30 அங்குலமாகிவிடும். அலுவலகங்களின் பதிவேட்டு அறையில் உயர்ந்த அடுக்குகள் இவ்வாறே முதுகு சேர்ந்து நிற்பதைப் பலர் கண்டிருக்கலாம்.

ஒரு பக்க முனை சுவரைத் தொடுமாயின், அங்கே இரண்டு எல் வடிவக் கிளாம்புகளால் பிணைப்பதே சிறந்தது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெறுக. வீட்டைக் காலி செய்யும்போது அந்தத் துளைகளைப் பட்டியால் அடைத்து வண்ணம் பூசிவிடலாம். ஆங்கிள் அடுக்காயின் மூலைத்தகடுகளை விட்டுவிடலாகாது. பின்புறம் குறுக்கு நெடுக்காக இரண்டு இரும்புப் பட்டைகளும் வேண்டும். வெளிச்சத்துக்காகப் பின்பக்கத்தைத் திறந்து வைக்கும்போது இப்பட்டைகளை நீக்குவோர் உண்டு. நீக்கினால் அடுக்கு பக்கவாட்டில் ஆடும். சதுரப் பெட்டிகளாயின் ஒன்றோடொன்று திருகாணியிட்டு இணைத்தாக வேண்டும். வெறுமனே அடுக்கிவைப்பது ஆகாது. அரிசி, பழைய புத்தகம், பித்தளைப் பாத்திரம் ஆகிய கனமானவை கீழ்த்தட்டுக்கு. உச்சியில் தொலைக்காட்சிப் பெட்டியோ விளையாட்டுப் பொம்மையோ வேண்டாம். பொம்மை குழந்தையை மேலே அழைக்கும்.

தரையையும் நோக்க வேண்டும். ஷாஹாபாத் கல் பாவிய பழைய தரை பெரும்பாலும் சமமாயிராது. ஆடும் காலின் கீழ் உறுதியான மரத்துண்டை வைத்துச் சமன் செய்க, மடித்த காகிதம் நாளடைவில் நசுங்கிவிடும். புத்தகம் நெருக்கிய மூன்றடித் தட்டு ஒன்று ஏறத்தாழ 30 கிலோ எடை கொள்ளும். ஐந்து தட்டுகள் 150 கிலோ. பழைய வாடாவின் மரத்தளம் போட்ட மேல்மாடியில் அத்துணைப் பாரத்தை நட்டநடுவே வைப்பது பேராபத்து. அங்கே திரையோ மூங்கில் தட்டியோ போதும். நிலநடுக்கத்தையும் மறத்தலாகாது. 1967 டிசம்பர் 11ஆம் நாள் கொய்னாவிலும், 1993 செப்டம்பர் 30ஆம் நாள் கில்லாரியிலும் நிலம் குலுங்கியபோது புனேயும் அதிர்ந்தது. உறங்குபவரின் தலை அடுக்கின் அகலப் பக்கத்துக்கு நேரே இராதபடி படுக்கையை அமைத்தல் நன்று.

காற்றும் வெளிச்சமும் இரு பகுதிக்கும் உரியவை. மேலே 2 அடியேனும் இடைவெளி விட்டால் ஒரே மின்விசிறி இரு புறமும் வீசும். சன்னல், கதவு, மின்பொத்தான் பலகை மூன்றும் மறையலாகாது. மழைக்காலத்தில் புறச்சுவர் ஓதம் பூத்துப் பட்டுப்புடவையும் புத்தகமும் பூஞ்சை பிடிப்பதை நாம் அறிவோம். நடுவில் நின்று இருபுறமும் காற்றுப்படும் அலமாரிக்கு அந்தத் தொல்லை குறைவு. காலடியில் 5 அங்குலம் உயர்த்தி வைத்தால் துடைப்பமும் புகும். பீரோவின் வெற்று முதுகு கண்ணை உறுத்துமாயின் கரும்பலகை வண்ணம் பூசுங்கள். குழந்தைகளின் கணக்குப் பாடத்துக்கு உதவும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அடுக்கு பார்வையைத் தடுக்கும், ஓசையைத் தடுக்காது. நெருக்கி வைத்த புத்தகங்களும் துணிகளும் சிறிது உறிஞ்சும். மற்றதைத் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து நாமே செய்ய வேண்டும். இன்னொன்று, பிரித்தபின் யாருக்கு எந்தப் பக்கம் என்பது. பல வீடுகளில் சன்னல் பக்கம் விருந்தினருக்கும் வழிப்பக்கம் படிக்கும் பெண்ணுக்கும் போய்விடுகிறது. விருந்தினர் இரண்டு நாள் இருப்பர். அவள் ஆண்டு முழுதும் படிக்க வேண்டியவள். சன்னலின் வெளிச்சம் அவள் பக்கம் இருக்கட்டும். உடை மாற்றவும், சற்றுத் தனித்து அமரவும் ஒரு மூலை கிடைப்பது வீட்டுப் பெண்களுக்கு எத்துணை ஆறுதல் என்பதை ஆடவர் நாம் எண்ணிப் பார்ப்பது நலம்.

அன்பர்கள் வரும் ஞாயிறன்று அளவு நாடாவை எடுத்துக் கூடத்தை அளந்து பார்ப்பாராக. வாங்குவதற்கு முன் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, ஒரு வாரம் அக்கோட்டைச் சுவராகக் கருதி நடமாடிப் பார்த்தல் செலவில்லாத சோதனை. கோடு இடிக்காத இடத்தில் அலமாரியும் இடிக்காது.